ரோபோ அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய புண்: 30 நாள் கணக்கு யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மலக்குடல் புற்றுநோய்க்கு ரோபோ மூலம் அறுவை சிகிச்சை செய்யப்படும் என்ற விளம்பரத்தைப் புதுச்சேரிக்குள் நுழையும் சாலைகளின் ஓரத்திலும் நாளிதழ்களின் முழுப் பக்கங்களிலும் இப்போது அடிக்கடி பார்க்கிறோம். சிறு துளை, குறைந்த ரத்த இழப்பு, சில நாள்களில் வீடு திரும்பலாம் என்பவை அவற்றில் தவறாமல் இடம்பெறும் வாசகங்கள். மூன்றும் பெரும்பாலும் உண்மையே. ஆனால், அறுவை அரங்கிலும் பிறகு தொற்றுத் தடுப்புப் பிரிவிலும் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், மூன்றாவது வாசகத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. வீடு திரும்பியவரின் புண்ணைப் பத்தாம் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் யார் பார்க்கிறார்கள்? அதில் சீழ் வைத்தால் அது எந்த மருத்துவமனையின் கணக்கில் ஏறுகிறது? கடலூர் மாவட்டத்து நோயாளியைப் பொறுத்தவரை, பெரும்பாலும் யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை என்பதே நான் கண்டது.

ரோபோ வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. மலக்குடல் இடுப்பெலும்புக் கூட்டின் அடியாழத்தில், சிறுநீர்ப்பைக்கும் முதுகுத்தண்டின் வாலெலும்புக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் உறுப்பு. அதைச் சுற்றியுள்ள கொழுப்புறையோடு சேர்த்துச் சிதையாமல் முழுதாக எடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் பில் ஹீல்ட் 1982-இல் விளக்கிய பிறகுதான், நோய் அதே இடத்தில் திரும்ப வருவது உலகெங்கும் வெகுவாகக் குறைந்தது. குறுகலான இடுப்புள்ள ஆண்களுக்கு, அதிலும் உடல் பருத்தவர்களுக்கு, கையாலோ, சிறு துளை வழியே கேமராவோடு செலுத்தும் நேரான லேப்ராஸ்கோப்பிக் கருவியாலோ அந்த ஆழத்தில் வேலை செய்வது எவ்வளவு சிரமம் என்பதை எதிரில் நின்று கருவி எடுத்துக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். மணிக்கட்டுபோல மடங்கும் ரோபோக் கருவியும், நடுக்கமில்லாத அதன் அசைவும், ஆழம் தெரியும் திரையும் அங்கே மருத்துவருக்குப் பெரிய உதவி. சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022-இல் ரோபோ அறுவை சிகிச்சை மையம் திறக்கப்பட்டபோது, வசதியில்லாதவர்களுக்கும் இது கிடைக்கும் என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

ஆயினும், விளம்பரத்தில் வரும் அளவுக்கு ஆதாரங்கள் ஒரே திசையில் பேசவில்லை. பத்து நாடுகளில் 471 நோயாளிகளை வைத்து நடந்து 2017-இல் வெளியான ரோலார் ஆய்வில், பாதியில் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டிய நிலை லேப்ராஸ்கோப்பியில் 12.2 சதவீதத்தினருக்கும் ரோபோ சிகிச்சையில் 8.1 சதவீதத்தினருக்கும் வந்தது. அந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. சீனாவில் 11 மருத்துவமனைகளில் நடந்து 2022-இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வில், சிகிச்சை தேவைப்படும் அளவுக்கான சிக்கல்கள் 30 நாள்களுக்குள் ரோபோ பிரிவில் 16.2 சதவீதத்தினருக்கும் லேப்ராஸ்கோப்பிப் பிரிவில் 23.1 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. இது ரோபோவுக்குச் சாதகமான முடிவுதான். ஆனால், கை தேர்ந்த மருத்துவர்களின் கையில், நோயாளிகள் 30 நாள் வரை விடாமல் பின்தொடரப்பட்ட சூழலில் கிடைத்த முடிவு அது. அந்த இரண்டும் இல்லாத இடத்துக்கு அதே எண்ணை எடுத்துச் சென்று ஒட்டிவிட முடியாது.

மலக்குடல் அறுவை சிகிச்சையில் தொற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கண்புரை, தைராய்டு போன்ற சுத்தமான அறுவை சிகிச்சை இல்லை இது. வெட்டப்படும் உறுப்பே கோடானுகோடி கிருமிகள் குடியிருக்கும் இடம். ரோபோவின் கைகள் நுழையும் துளைகள் 8 மில்லிமீட்டர் அளவே உள்ளவை. அவற்றில் சீழ் வைப்பது அரிது. ஆனால், வெட்டிய குடல் பகுதியை வெளியே எடுக்க அடிவயிற்றில் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெட்டு தேவைப்படுகிறது. குடலின் இரு முனைகளையும் உள்ளே இணைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த இணைப்பு ஆறும்வரை மலத்தைத் திருப்பிவிட வயிற்றில் பை வைத்தால் அந்த வாய் இன்னொன்று; சில மாதம் கழித்து அதை மூடும்போது அங்கே மறுபடியும் ஒரு புண். கட்டி ஆசனவாயை ஒட்டியிருந்தால் ஆசனவாயையே எடுத்துவிட்டு, இரண்டு பிட்டங்களுக்கும் நடுவே தைக்கிறார்கள். நோயாளிகள் கீழ்ப்புண் என்று சொல்லும் அந்தப் புண்ணை மேலேயிருந்து ரோபோ எவ்வளவு நுட்பமாக வேலை செய்தாலும் கீழேயிருந்து கையால்தான் வெட்டித் தைக்க வேண்டியிருக்கிறது.

இவற்றில் தோலோடு நிற்கும் தொற்று, தசை வரை இறங்கும் தொற்று, வயிற்றுக்குள் அல்லது இடுப்புக் குழிக்குள் சீழ் கட்டும் தொற்று என மூன்று ஆழங்கள் உண்டு. மூன்றாவதுதான் உயிருக்கு உலை வைப்பது. பெரும்பாலும் குடல் இணைப்பில் கசிவு ஏற்படுவதால் வருவது. வெளித்தையல் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே நிலைமை வேறாக இருக்கும். விடாத காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, வயிறு உப்புதல், அடியிடுப்பில் அழுத்துவதுபோன்ற வலி, ஆசனவாய் வழியாக நாற்றமுள்ள நீர் வடிதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் ‘அறுவை சிகிச்சை செய்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

ரோபோவுக்கே உரிய இரண்டு விஷயங்களை மருத்துவமனைகள் வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஒன்று நேரம். இயந்திரத்தைப் பொருத்தவும், கைகளுக்குக் கிருமி நீக்கிய பிளாஸ்டிக் உறை மாட்டவும், பழகும் காலத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் நிதானமாகச் செய்யவும் கூடுதல் நேரம் பிடிக்கிறது. மலக்குடல் அறுவை சிகிச்சை நான்கு மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். நேரம் நீள நீளத் தொற்றுக்கான வாய்ப்பு கூடும் என்பது எந்த முறைக்கும் பொருந்தும். மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் தொற்றைத் தடுக்கப் போடும் செஃபசோலின் ஊசியின் பலன் அதற்குள் குறைந்துவிடும் என்பதால், நான்கு மணி நேரம் கடந்தால் இரண்டாவது முறை போட வேண்டும். அதைக் கடிகாரம் பார்த்து நினைவூட்ட ஒருவரை நியமிக்காத அரங்கில், எல்லோர் கண்ணும் திரையில் இருக்கும்போது அந்த ஊசி மறந்துபோவது எளிது.

இன்னொன்று கருவிகளைக் கழுவுவது. சாதாரணக் கத்தரியை விரித்துத் தேய்த்துவிடலாம். ரோபோக் கருவி நீண்ட குழாய். உள்ளே மெல்லிய கம்பிகளும் சிறு உருளைகளும் இருக்கின்றன. ரத்தமும் திசுத் துணுக்கும் அவற்றின் இடுக்கில் போய் உறைந்துவிடுகின்றன. திறந்த அறுவை சிகிச்சைக் கருவிகளோடு ஒப்பிட்டு ஜப்பானில் செய்யப்பட்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, முறைப்படி கழுவிய பிறகும் ரோபோக் கருவிகளில் புரத எச்சம் அதிகமாகத் தங்குவதைக் காட்டியது. அதனால் இவற்றைப் பயன்படுத்திய உடனே ஈரம் காயாமல் எடுத்துச் சென்று, அழுத்தமான நீரை உள்ளே செலுத்தி, மீயொலித் தொட்டியில் வைத்துக் கழுவ வேண்டும். கருவி எத்தனை முறை பயன்படுத்தப்பட்டது என்பதை அதிலுள்ள சில்லு எண்ணி, வரம்பு முடிந்ததும் வேலை செய்யவிடாமல் நிறுத்திவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒழுங்காகக் கழுவப்பட்டதா என்பதை மட்டும் கருவி கழுவும் பிரிவில் குறைந்த சம்பளத்துக்கு ஒப்பந்த முறையில் வேலை பார்க்கும் ஒருவரின் பொறுப்பில் விட்டிருக்கிறோம். கோடிக்கணக்கில் விலை கொடுத்து இயந்திரம் வாங்குகிறவர்கள், அந்தப் பிரிவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், இரவுப் பணியில் யார் இருக்கிறார்கள் என்பதையும் விளம்பரத்தில் போட்டால் நன்றாக இருக்கும்.

இனி, வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். அறுவை சிகிச்சை நடந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் வரும் தொற்றை அந்த அறுவை சிகிச்சையின் தொற்றாகவே எண்ண வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரையறை. நோயாளி மருத்துவமனையில் இருப்பதோ ஒரு வாரத்துக்கும் குறைவு. தோலிலும் தசையிலும் வரும் சீழ் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தலைகாட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் டெல்லி எய்ம்ஸ் விபத்துச் சிகிச்சை மையம், மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஆகிய மூன்று இடங்களில் 3,020 அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பின்தொடர்ந்தபோது, 161 பேருக்குத் தொற்று வந்திருந்தது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, நோயாளி வீடு திரும்பிய பிறகும் தொடர்ந்து விசாரித்ததால் தெரியவந்தவை. அப்படி விசாரிக்காத மருத்துவமனை ஒன்று ‘எங்களிடம் தொற்று மிகக் குறைவு’ என்று சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். வேறொரு நெருடலும் இருக்கிறது. நோயாளியைச் சீக்கிரம் அனுப்புவது ரோபோ சிகிச்சையின் பெருமை. எவ்வளவு சீக்கிரம் அனுப்புகிறார்களோ அந்த அளவுக்குத் தொற்று அவர்கள் கண்ணில் படாமல் போகிறது.

பண்ருட்டிக்கு அருகில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் என் உறவினர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆசனவாயை ஒட்டிய கட்டி. சில வாரம் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, கட்டி சுருங்கிய பிறகு, வேறோர் ஊரில் ஒரு பெரிய மருத்துவமனையில் ரோபோ மூலம் அறுவை சிகிச்சை செய்து, ஆசனவாயை எடுத்து, வயிற்றில் நிரந்தரப் பை வைத்து அனுப்பினார்கள். புற்றுநோயை எடுத்த வேலை மிகச் சிறப்பாக நடந்திருந்தது. எடுத்த பகுதியின் ஓரங்களில் நோய் இல்லை என்று பரிசோதனை முடிவு வந்தது. வீட்டுக்கு வந்து இரண்டாவது வாரத்தில் வேட்டியில் கறை பட ஆரம்பித்தது. பையிலிருந்து ஒழுகுகிறது என்று நினைத்துப் பையை மாற்றினார்கள். பிறகு நாற்றம். தன் கண்ணால் பார்த்துக்கொள்ள முடியாத இடத்தில் புண். மருமகளிடம் காட்டக் கூச்சம். கடைசியில் மகன்தான் கைப்பேசி விளக்கைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். தையல்களுக்கு நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, மஞ்சளாக வடிந்துகொண்டிருந்தது.

மருத்துவமனை கொடுத்த சீட்டில் இருந்த எண்ணுக்கு அழைத்தால் வரவேற்புப் பிரிவு எடுத்தது; ‘ஓ.பி.க்கு அழைத்து வாருங்கள்’ என்றார்கள். உட்கார முடியாத மனிதரை எப்படி அழைத்துப் போவது? உள்ளூரில் ஊசி போட்டார்கள். மருந்துக்கடையில் வாங்கிய பவுடரைப் புண்ணுக்குள் கொட்டினார்கள். குளிர் காய்ச்சல் கண்ட பிறகு பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோதுதான், தையலைப் பிரித்து, சீழை வடித்து, உப்புநீரில் நனைத்த காஸ் துணியைத் தளர்வாக உள்ளே வைத்து நாள்தோறும் மாற்றினார்கள். மெல்ல ஆறியது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கினால் நல்லது என்று சொல்லப்பட்டிருந்த கீமோ அதற்குள் தள்ளிப்போய்விட்டது. புண் தொற்றைச் சிறு தொல்லை என்று ஒதுக்க முடியாததற்கு இதுவே காரணம்: புற்றுநோய்ச் சிகிச்சையின் அடுத்த படியையே அது தடுத்து நிறுத்துகிறது. அவரை அனுப்பிய மருத்துவமனையின் பதிவேட்டில் அவர் சிக்கல் ஏதுமின்றி வீடு திரும்பியவர். சீழை வடித்த அரசு மருத்துவமனையின் பதிவேட்டில் அவர் ‘சீழ்க்கட்டி’. ரோபோ அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தொற்று என்ற வரி எங்குமே இல்லை.

கீழ்ப்புண்ணில் தொற்று வந்ததற்காக அந்த மருத்துவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கதிர்வீச்சு பட்ட திசு ஆறுவதற்குத் திணறும். நெதர்லாந்தில் இப்படிப்பட்ட 104 நோயாளிகளை வைத்து, புண்ணை நேராகத் தைப்பது, உயிரியல் வலை வைத்துத் தைப்பது என்ற இரு முறைகளை ஒப்பிட்ட ஆய்வில், இரண்டிலுமே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குத்தான் 30 நாளில் புண் சிக்கலின்றி ஆறியிருந்தது. அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே மூன்றில் ஒருவருக்கு ஆறாது என்று தெரிந்திருக்கும்போது, அந்த ஒருவர் பண்ருட்டிக்குப் போனால் யாரிடம் காட்டுவார் என்று முன்கூட்டியே யோசிக்காததுதான் குறை.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து ஜிப்மருக்கும் புதுச்சேரியின் தனியார் மருத்துவமனைகளுக்கும் அன்றாடம் மக்கள் போய் வருகிறார்கள். முள்ளோடையைத் தாண்டினால் அரசு மாறிவிடுகிறது. அறுவை சிகிச்சை நடப்பது யூனியன் பிரதேசத்தில். புண் திறப்பது தமிழ்நாட்டில். அந்தப் பக்கத்துச் சுகாதாரத் துறைக்கு இந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது. இங்கே உள்ளவர்களுக்கு அங்கே என்ன செய்தார்கள் என்பது நோயாளி கொண்டுவரும் சீட்டைப் படித்தால்தான் தெரியும், அதுவும் அவர் கொண்டுவந்தால். புதுச்சேரிப் பக்கத்துப் பாகூரில் இருப்பவருக்கும் கடலூர்ப் பக்கத்து ரெட்டிச்சாவடியில் இருப்பவருக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். ஆனால், வீட்டுக்கு வரக்கூடிய செவிலியர் வேறு, பதிவேடு வேறு, தகவல் போய்ச் சேரும் அலுவலகம் வேறு.

காப்பீடும் இதற்கு ஈடுகொடுக்கவில்லை. ஆயுஷ்மான் பாரத் திட்டம் வீடு திரும்பிய பின் 15 நாள் வரையிலான மருந்து, பரிசோதனைச் செலவுகளை ஏற்கிறது. தொற்றுக்கான வரையறையோ 30 நாள். பதினாறாம் நாளில் சீழ் வைத்தவர், காஸ் துணியையும் உப்புநீர்ப் பாட்டிலையும் கையுறையையும் தன் காசில் வாங்க வேண்டியிருக்கிறது. தினமும் இரண்டு வேளை கட்டு மாற்றும் வீட்டில் அந்தச் செலவு எவ்வளவு என்பதைக் கூலி வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தொற்றைத் தடுக்கும் வழிகளில் பல மிக மலிவானவை. குடல் அறுவை சிகிச்சை நோயாளிகள் 200 பேரை வைத்து நடந்து 1996-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், அரங்கில் உடல் குளிர்ந்துவிட்டவர்களில் 19 சதவீதத்தினருக்கும், உடல் வெப்பம் காக்கப்பட்டவர்களில் 6 சதவீதத்தினருக்கும் புண்ணில் தொற்று வந்தது. வெதுவெதுப்பான காற்றுப் போர்வையும் சூடுபடுத்திய திரவமும்தான் அங்கே பயன்பட்ட தொழில்நுட்பம். ரோபோ அரங்குகளில் குளிர்சாதனத்தை எந்த அளவில் வைத்திருக்கிறார்கள் என்று உள்ளே போய் வந்தவர்களுக்குத் தெரியும்! அடுத்து, இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 13 ஆயிரத்துக்கும் அதிகமான வயிற்று அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து 2022-இல் வெளியான சீட்டா ஆய்வு. வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன், குழுவினர் அனைவரும் கையுறைகளை மாற்றி, புதிய கருவித் தட்டைப் பயன்படுத்த வேண்டும் என்பது மட்டுமே அதில் சோதிக்கப்பட்டது. தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. புதிய மருந்தோ இயந்திரமோ இல்லாமல் கிடைத்த பலன் இது.

விலை உயர்ந்தது எல்லாம் மேலானது என்ற எண்ணமும் தேவையில்லை. அதே போன்ற ஏழு நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஃபால்கன் ஆய்வு, தோலைச் சுத்தம் செய்ய ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினும் கிருமிநாசினி பூசிய தையல் நூலும் வழக்கமான பொவிடோன் அயோடினையும் சாதாரண நூலையும்விட மேலானவை என்று நிறுவ முடியவில்லை என்றே முடித்தது. மாறாக, காசே செலவாகாத சிலவற்றை நாம் இன்னும் விடாப்பிடியாகத் தவறாகச் செய்கிறோம். முந்தின நாள் இரவே பிளேடால் சவரம் செய்யும் வழக்கம் சில வார்டுகளில் இன்னும் இருக்கிறது. முடியை அகற்றத்தான் வேண்டுமென்றால் கிளிப்பரால் வெட்ட வேண்டும், சவரம் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இலேயே சொல்லிவிட்டது. குடலைச் சுத்தம் செய்ய வெறும் பேதி மருந்து மட்டும் கொடுப்பது தொற்றைக் குறைக்காது, அதோடு வாய்வழி நுண்ணுயிர்க்கொல்லியும் சேர வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதலில் உண்டு. அறுவை சிகிச்சை முடிந்த பிறகு தடுப்புக்காக நாள் கணக்கில் ஊசி போட்டுக்கொண்டே இருப்பதால் பயனில்லை என்பதும் உண்டு. 66 நாடுகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், தொற்று வந்து கிருமிப் பரிசோதனை முடிவு கிடைத்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலானவர்களிடம் இருந்த கிருமி, தடுப்புக்காகப் போட்ட மருந்துக்கே அடங்காததாக இருந்தது. தேவையில்லாத ஊசிகள் நம்மை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டியதில்லை.

வீட்டிலும் சில மாற வேண்டும். பச்சை உடம்புக்குப் பத்தியம் என்ற பெயரில் பருப்பு சேர்த்தால் சீழ் பிடிக்கும், முட்டை சூடு, மீன் ஆகாது என்று வெறும் ரசச்சோறும் ரொட்டியும் கொடுக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் வலுவாக இருக்கிறது. புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். ரத்தத்தில் புரதம் குறைந்தவர்களுக்கும் ரத்தசோகை உள்ளவர்களுக்கும் தொற்று அதிகமாக வருகிறது என்பது நன்கு தெரிந்த செய்தி. சிறுநீரகக் கோளாறு போன்ற காரணங்களுக்காக மருத்துவர் தடுத்தாலொழிய, பருப்பும் முட்டையும் மீனும் மருந்துக்குச் சமம். பரங்கிப்பேட்டையில் மீன்பிடிக்கும் குடும்பத்தில், மீன் வீட்டிலேயே இருக்க, நோயாளிக்கு மட்டும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவமனையில் ஊசி போட்டுக் கட்டுக்குள் வைத்ததை வீட்டுக்கு வந்ததும் விட்டுவிடுகிறார்கள். புண் ஆறும்வரையாவது அடிக்கடி சுகர் பார்த்தே ஆக வேண்டும். பீடி, சிகரெட்டை அறுவை சிகிச்சைக்குச் சில வாரம் முன்பே விட வேண்டும். பவுடர், மஞ்சள், பச்சிலை எதையும் திறந்த புண்ணுக்குள் போடக் கூடாது. பயணம் செய்யும்போது நேராக உட்காராமல், பின் இருக்கையில் பக்கவாட்டில் சாய்ந்துகொள்வது கீழ்ப்புண்ணுக்கு நல்லது. புதுச்சேரியிலிருந்து நெரிசலான பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி ஊருக்கு வந்து இறங்கும் நோயாளியிடம் இதைச் சொல்ல எனக்கே நா எழவில்லை.

இதற்கெல்லாம் என்ன செய்யலாம் என்றால், புதிதாக ஒரு திட்டம் தீட்ட வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களும் நோய்த் தணிப்புச் சிகிச்சைச் செவிலியரும் ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். மலக்குடல், பெருங்குடல் அறுவை சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவரின் பெயர் அவர்களின் பட்டியலில் ஏறினால் போதும். புண் சிவந்திருக்கிறதா, வடிகிறதா, காய்ச்சல் உண்டா, தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்து எழுத அதிக நேரம் ஆகாது. பெண் நோயாளிகள் கீழ்ப்புண்ணைத் தங்கள் பிள்ளைகளிடம்கூடக் காட்ட மாட்டார்கள். வீட்டுக்கு வரும் செவிலியரிடம் காட்டுவார்கள். அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையோ, ரோபோவுக்குத் தனியாக ஒரு கட்டணம் வாங்கும்போது, அதில் ஒரு சிறு பங்கைச் செலவிட்டு, பத்தாம் நாளிலும் இருபதாம் நாளிலும் முப்பதாம் நாளிலும் நோயாளியைத் தானே தொலைபேசியில் அழைக்கும் ஒரு செவிலியரை நியமிக்க முடியாதா? புண்ணின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பச் சொல்லிப் பார்க்கும் வசதி கிராமத்திலும் வந்துவிட்டது. சீட்டில் கொடுக்கும் எண்ணை வரவேற்புப் பிரிவு எடுக்காமல் அறுவை சிகிச்சைப் பிரிவே எடுக்க வேண்டும்.

மருத்துவமனைத் தரச்சான்று பெற்ற நிறுவனங்கள் அறுவை சிகிச்சைத் தொற்று விகிதத்தைக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. அதைப் பொதுமக்கள் பார்க்கத்தான் வழியில்லை. அமெரிக்காவில் பெருங்குடல் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தொற்றை மருத்துவமனைவாரியாக அரசு இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். இங்கேயும் ரோபோ விளம்பரம் செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும், எத்தனை மலக்குடல் அறுவை சிகிச்சைகள் செய்தது, அவர்களில் எத்தனை பேரை 30 நாள் வரை பின்தொடர்ந்தது, எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்ற மூன்று எண்களை வெளியிட வேண்டும். இரண்டாவது எண் இல்லாமல் மூன்றாவதை மட்டும் வெளியிடுவதில் பயனில்லை என்பதை அதிகாரிகள் கவனத்தில் கொள்ள வேண்டும். விகிதம் அதிகமாக இருப்பதாலேயே ஒரு மருத்துவமனையை மோசமானது என்று பத்திரிகைகள் எழுதிவிடக் கூடாது என்பதையும் தங்களிடம் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். கடினமான நோயாளிகளை ஏற்கும் மருத்துவமனைக்கும், நேர்மையாகத் தேடிப் பார்க்கும் மருத்துவமனைக்கும் எண் கூடுதலாகத்தான் இருக்கும்.

புதுச்சேரி சுகாதாரத் துறையும் தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையும் இதற்காக ஒரு பொதுப் படிவத்தை ஏற்றுக்கொண்டு, எல்லை தாண்டி வரும் நோயாளியின் வீடு திரும்பும் சீட்டின் நகலை அவருடைய ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். அங்கே சீழ் வடித்தால் அந்தத் தகவல் அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்குத் திரும்பிப் போக வேண்டும். எல்லா அறுவை சிகிச்சைகளுக்கும் ஒரே நாளில் இதைச் செய்ய ஆள் போதாது என்று சொல்வார்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு கீழ்ப்புண்ணோடு வீடு திரும்புகிறவர்களிலிருந்து தொடங்கலாம். ஒரு மாவட்டத்தில் ஓராண்டில் அப்படி வருகிறவர்கள், ஒரே ஒரு செவிலியரால் முப்பது நாளும் விடாமல் பார்த்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கையில்தான் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.